ஐம்பத்தேழும் இருபத்தொன்பதும்

மார்ச் 5, 2016, சனி

நகராட்சியின் கடிதம் வந்துவிட்டது. பணிமனையை அக்டோபர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புதிதாகத் தரும் கொட்டகையில் ஆறு டிராம் வண்டிகள்தான் நிற்கும். பழைய டிராம்களைக் காக்கும் எங்கள் சங்கத்திடம் இருப்பவை பதினொன்று.

எக்கார்ட் எல்லோர் முன்னாலும் அதைப் படித்துக் காட்டினார். தலைவர் பொறுப்பில் இருந்தாலும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த குரல் இன்னும் போகவில்லை. ரொட்டிக்குள் வைத்த சாசேஜ் எல்லோர் கையிலும் ஆறிக்கொண்டிருந்தது.

"ஐந்து வண்டிக்கு வேற வீடு பார்க்கணும். எந்த ஐந்துன்னு உணர்ச்சிவசப்பட்டு முடிவு பண்ண வேண்டாம். அடிச்சட்டத்தை அளந்து, எது நல்லா இருக்கோ அது இங்கே இருக்கட்டும். கெர்லிண்ட், அளக்கிற வேலை உன்னது."

எங்கள் வெல்டர் லோதார் இருந்திருந்தால் அவர்தான் அளந்திருப்பார். பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மலைப்பக்கத்து மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறார். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும்.

மார்ச் 9, புதன்

இரண்டு நாளாக அளந்தேன். தடிமன் காட்டும் கருவியை இரும்பில் வைத்தால் எண் வரும். ஒரு வண்டிக்கு இருபத்திரண்டு இடம். முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

தாள்களைச் சமையலறை மேசையில் வைத்துச் சுத்தமாக எழுதி முடித்தேன்.

மார்ச் 12, சனி

குழு முடிவு செய்துவிட்டது. போக வேண்டிய வண்டிகள் 8, 14, 57, 62, 70. 29 இங்கேயே இருக்கிறது.

57இன் தாளை எக்கார்ட் இரண்டு முறை புரட்டினார்.

"மூணு மில்லிமீட்டரா? லோதார் பத்து வருஷமா இதுக்குத்தானே வெல்டிங் பண்ணிட்டிருந்தாரு?"

"வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கு. உள்பக்கம் துரு தின்னுடுச்சு."

எவ்வளவு சரளமாக வந்தது.

மார்ச் 13, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

57இன் அடிச்சட்டம் ஏழரை, எட்டு மில்லி. புதிது போல இருக்கிறது. மூன்று மில்லி 29இல்தான். இரண்டு இடத்தில் மூன்றுகூட இல்லை. நான் ஒரு அளவையும் திருத்தவில்லை. இரண்டு தாள்களின் தலையில் வண்டி எண்ணை மட்டும் மாற்றி எழுதினேன்.

ஏன்? 29இல்தான் நான் ஓட்டக் கற்றேன். இருபத்தோரு வயது. அந்தக் காலத்துச் சீருடைத் தொப்பி காதுவரை இறங்கும். முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டினேன். புது வண்டிகள் எத்தனையோ வந்தன, ஆனால் என் கை பழகியது அந்த வண்டியின் பிரேக்கில். அதைப் போகவிட முடியவில்லை.

இது பாதிதான் உண்மை. ஜனவரிக் கூட்டத்தில் நான் வண்டிகளின் பட்டியலைப் படித்தபோது லோதார் சொன்னார்: "கெர்லிண்டுக்கு ஓட்டத் தெரியும். வண்டின்னா என்னன்னு தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை சிரித்த முகத்தோடுதான் வந்தேன்.

எண்ணை மாற்றி எழுதும்போது அந்தச் சிரிப்பு காதில் கேட்டதா? கேட்டது.

பேச முடியாமல் படுத்துக் கிடக்கும் மனிதர்.

மார்ச் 26, சனி

நாளை ஈஸ்டர். பாலாடைக் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு லோதாரைப் பார்க்கப் போனேன். அவர் மகள் சில்கே பக்கத்தில் இருந்தாள்.

முகம் ஒருபக்கம் இறங்கியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் உதடு வெகுநேரம் முயற்சி செய்தது. பிறகு, "ஐம்… ஐம்பத்தேழு."

"உங்களைப் பார்த்ததும் வண்டியைத்தான் கேட்கிறாரு. என் பேர் இன்னும் வரல, அது மட்டும் வருது," என்றாள் சில்கே.

"நல்லா இருக்கு, லோதார். அப்படியே இருக்கு."

கண்ணை மூடித் திறந்தார். சந்தோஷப்பட்டால் அப்படிச் செய்வாராம்.

கேக் அவருக்கு விழுங்க வரவில்லை. சில்கேவும் நானும் சாப்பிட்டோம். எனக்கு எப்படி இறங்கியது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14, வியாழன்

வீடு தேடும் வேலையும் என் தலையில்தான். விளம்பரத்துக்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள்! யாருக்கு எந்த வண்டி என்று பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தண்டவாள அகலம் ஒத்துவராத ஊர்க்காரர்கள் இரண்டு பேர். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னதும் எழுதுகிறேன் என்று ஒருவர்.

14ஐ ஒரு தேனீ வளர்ப்பவர் கேட்கிறார், பெட்டிகளை அதனுள் வரிசையாக வைப்பாராம். 8 மழலையர் பள்ளித் தோட்டத்துக்கு. 62ஐயும் 70ஐயும் துரிங்கியா மாநிலத்தில் உள்ள சங்கம் எடுத்துக்கொள்கிறது, அவர்களிடம் ஓட்டத் தண்டவாளம் இருக்கிறது.

57ஐ ஓட்டுவதற்கு யாரும் கேட்கமாட்டார்கள். நான் எழுதிய தாள் எல்லோருக்கும் போயிருக்கிறது.

ஏப்ரல் 22, வெள்ளி

57ஐப் பார்க்க ஏரிக்கரையில் ஐஸ்கிரீம் விற்பவர் வந்தார். நல்ல மனிதர்தான். சட்டையில் பெரிய பூக்கள்.

"இந்தப் பக்கம் நாலு ஜன்னலையும் ஒரேயடியா அறுத்துட்டா கவுண்டர் வந்துடும். சீட்டெல்லாம் வேண்டாம், கழற்றிடுங்க. மணி மட்டும் இருக்கட்டும், பிள்ளைங்க அடிக்கும்."

அந்த ஜன்னல் சட்டங்களை லோதார் ஓக் மரத்தில் செய்தார். இரண்டு குளிர்காலம் ஆனது.

"சரி, யோசிச்சுச் சொல்றோம்," என்றேன். எக்கார்ட் பக்கத்தில் நின்று தலையாட்டினார். "வேற யாரு வரப் போறாங்க? வெட்டிப் போடறதுக்கு இது மேல்."

மே 11, புதன்

தூக்கம் வருகிறது. நன்றாகவே வருகிறது. அதுதான் என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காமல் போகிறது.

ஜூன் 4, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

போலந்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள், பெயர் போஜெனா. விஸ்துலா ஆற்றங்கரையில் சின்ன ஊராம். எங்களைப் போலவே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் அங்கே இன்னும் இருக்கிறது. போரில் எரிந்துபோன பழைய வண்டிகளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஒரு வண்டி வேண்டும். ஐம்பது வயது இருக்கும். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவள். கைப்பையில் கசகசா கேக் ஒன்று, சுத்தியல் ஒன்று.

"தாளைப் படிச்சேன். அடிச்சட்டம் மோசம்னு போட்டிருக்கு. ஆனா போட்டோவில வெல்டிங் பார்த்தேன். அப்படி வெல்டிங் பண்றவன் உள்ளே துருவை விட்டு வைக்கமாட்டான். அதான் நேர்லயே வந்தேன்."

57இன் பக்கத்தில் மண்டியிட்டுச் சுத்தியலால் தட்டினாள். மணி அடித்தது போல ஒலித்தது. நகர்ந்து நகர்ந்து முழு நீளத்துக்கும் தட்டினாள். பிறகு எழுந்து, நான் தடுப்பதற்குள், பக்கத்துப் பாதையில் நின்ற 29ஐத் தட்டினாள். சத்தமே இல்லை. ஈர மரத்தில் அடித்தது போல. சட்டத்துக்கு அடியிலிருந்து பழுப்பாகக் கொஞ்சம் உதிர்ந்து அவள் கையில் விழுந்தது.

அதை விரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அளந்தது யாரு?"

"நான்தான்."

"கருவி கெட்டுப்போச்சா?"

"இல்லை."

எக்கார்ட் கொட்டகையின் மறுகோடியில் காபி போட்டுக்கொண்டிருந்தார். போஜெனா அவர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். என் பக்கம் வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு இந்த வண்டி வேணும். இங்கே யாருக்கும் யாருக்கும் என்ன சண்டைன்னு எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா அந்த இன்னொன்னுல ஆளை ஏத்தாதீங்க."

கசகசா கேக்கை எக்கார்ட் மூன்று துண்டு சாப்பிட்டார். பழுதான அடிச்சட்டத்தையும் எடுத்துக்கொள்ளும் ஆள் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐஸ்கிரீம்காரருக்கு நான் போன் செய்து மறுத்துவிட்டேன்.

ஜூன் 5, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே முடிந்திருக்கிறது. 57 இங்கே இருந்தால் கயிறு கட்டிக் காட்சிக்கு நிற்கும். அங்கே ஓடும். லோதாரே கேட்டால் சந்தோஷப்படுவார். 29 என்னோடு இருக்கும். யாருக்கு நஷ்டம்?

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தோட்டத்தில் தக்காளிக்கு முட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்து படித்தேன். இப்படி எழுதுகிற ஒருத்தியை எனக்குத் தெரியாது.

ஜூன் 18, சனி

எக்கார்ட் இன்று அறிவித்தார். ஆகஸ்ட் 20 நகர விழாவில் எங்கள் வண்டி ஒன்று நாள் முழுக்க ஓடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம்.

"இருபத்தொன்பதை ஓட விடுவோம். நம்மகிட்ட இருக்கிறதிலேயே அடிச்சட்டம் பிரமாதமா இருக்கிறது அதுதானே. கெர்லிண்ட், நீயே ஓட்டு. பத்திரிகைக்காரனும் வருவான்."

எல்லோரும் கை தட்டினார்கள்.

சோதனை அதிகாரி பிரேக்கையும் மின்சாரத்தையும்தான் பார்ப்பார். அடிச்சட்டத்துக்கு எங்கள் தாளைக் கேட்பார். என் தாளை.

நன்றி என்று சொன்னேன். நன்றி என்றா சொன்னேன்?

ஜூன் 20, திங்கள்

எக்கார்ட் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். ஜன்னலில் அவர் மனைவி கையசைத்தாள். கடைக்குப் போவது போல நானும் கையசைத்தேன்.

விழாப் பாதையில் வரும் காயல் தெருச் சரிவில் அறுபது பிள்ளைகளோடு அந்த வண்டி இறங்குவதை நினைத்துப் பார்க்கிறேன். நான்தான் பிரேக் பிடித்திருக்கிறேன். பிரேக் நன்றாகவே பிடிக்கிறது. அதன் கீழே இருப்பதுதான் பிடிக்கவில்லை.

ஜூன் 23, வியாழன்

சொல்லிவிட்டேன்.

எக்கார்ட் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு தாள்களையும் மேசையில் வைத்து, "இதுல வண்டி எண் மாறியிருக்கு," என்றேன்.

"சரி, மாத்தி எழுதிடு. தப்பு எல்லாருக்கும் வரும்."

"தப்பு வரலை. நானாத்தான் மாத்தினேன்."

உரிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று பட்டாணி கீழே உருண்டது.

"ஏன்?"

"இருபத்தொன்பது போகக்கூடாதுன்னு. அப்புறம்… லோதார் மேல கோபம்."

"அவரு படுத்துக் கிடக்கிறாரு, கெர்லிண்ட்."

"தெரியும்."

"விழாவுக்கு ஓட்டச் சொன்னேனே. அப்பக்கூட நன்றின்னு சொன்னே."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பட்டாணிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"விழாவுக்கு முப்பத்துமூணு ஓடும். பட்டியலும் கருவியும் இனிமே உன்கிட்ட வேண்டாம். போலந்துக்காரங்களுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு, வார்த்தை கொடுத்தாச்சு. ஆனா லோதார் வேண்டாம்னா நானே போய் அந்த அம்மா கால்ல விழுந்தாவது திருப்பிக் கேட்கிறேன். அவர்கிட்ட நீயே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஜூலை 2, சனி

லோதார் வீட்டுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலியை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். அவரது வெல்டிங் முகமூடி இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

நின்றுகொண்டே சொன்னேன். எண் மாற்றியது, குழுவில் பொய் சொன்னது, ஈஸ்டருக்கு முதல் நாள் வந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது, எல்லாம். ஜனவரியில் அவர் சொன்னதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் பழியைப் பங்கு பிரிப்பது போலிருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை நாற்காலியின் பிடியில் இறுகிக்கொண்டே வந்தது. பிறகு தெளிவாக, ஒரே சொல்:

"போ."

சில்கே வாசல்வரை வந்தாள். நல்ல பெண், அதட்டிப் பேசத் தெரியாதவள்.

"தினமும் காலையில பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மா வராங்க. எந்த வார்த்தையில ஆரம்பிக்கலாம்னு கேட்டாங்க. அப்பா அந்த வண்டி எண்ணைத்தான் சொன்னாரு. நாலு மாசமா அதைச் சொல்லிச் சொல்லித்தான் நாக்கைத் திருப்பினாரு. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன், வேற ஒண்ணுமில்லை."

டிராமில் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஐந்து நிறுத்தம்.

ஜூலை 3

ஒன்றும் எழுத வரவில்லை.

ஜூலை 19, செவ்வாய்

சில்கே போன் செய்தாள். லோதார் போஜெனாவிடம் பேச வேண்டும் என்றாராம். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வைத்தாளாம். இரண்டு பேருக்கும் ஜெர்மன் தகராறு, ஒருத்தருக்கு நாக்கால், ஒருத்தருக்கு நாட்டால் என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வெல்டிங் மூட்டுகளை எந்தக் கம்பியில் செய்தார், எப்படிக் குளிர வைத்தார் என்று ஒரு மணி நேரம் கேட்டாளாம் போஜெனா. அவர் இடது கையால் வரைந்து வரைந்து காட்டினாராம்.

"போகட்டும்னு சொல்லிட்டாரு. இங்கே இருந்தா பார்ப்பாங்க, அங்கே இருந்தா ஏறுவாங்கன்னாரு. அந்த மாதிரித்தான் சொன்னாரு, நான் சேர்த்துச் சொல்றேன்."

நான் மூக்கை உறிஞ்சினேன். சில்கேவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"உங்களுக்காக இல்லை. அதைத் தெளிவாச் சொல்லச் சொன்னாரு."

"புரியுது."

"சரி. வைக்கிறேன்."

ஆகஸ்ட் 20, சனி

33 ஓடியது. ஓட்டியது வேறு ஆள். நான் திருப்பத்தில் நின்று பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தேன். யாரும் விழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க இதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13, செவ்வாய்

57 போய்விட்டது. கிளம்பும் நேரத்தில் நான் வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பேருந்துகள் எனக்காக நின்று கதவைத் திறந்து மூடின.

நீளமான லாரி. எஃகுக் கயிற்றால் இழுத்து ஏற்றினார்கள். சில்கே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். லோதார் வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். போஜெனா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

லாரி திரும்பும்போது போஜெனா என்னைப் பார்த்துவிட்டாள். கையசைக்கவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தாள்.

அக்டோபர் 12, புதன்

அடிச்சட்டம் இற்றுப்போன 29ஐப் புதுக் கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று குழு சொல்லிவிட்டது. வேறு வீடும் கிடைக்கவில்லை. நாற்பது பேருக்கு எழுதினேன், இந்த முறை உண்மையான அளவோடு. முகாம் நடத்துபவர், தோட்டச் சங்கம், பிராகைச் சேர்ந்த ஒரு சேகரிப்பாளர். தேனீக்காரரிடம்கூட இரண்டாவது வண்டி வேண்டுமா என்று கேட்டேன். லாரியில் தூக்கினாலே நடுவில் மடிந்துவிடும் என்றதும் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள்.

இன்று வெட்டினார்கள். கூடவே நின்றேன். அது நான் செய்ய வேண்டியது என்று தோன்றியது. வெட்ட வந்தவர் ஸ்க்ரூடிரைவரைச் சட்டத்தில் குத்தினார். பிடிவரை உள்ளே போனது.

"விழாவுக்கு விடறதா இருந்ததுன்னு எக்கார்ட் சொன்னாரே, இதையா? யாரும்மா அளந்தது?"

"நான்."

அவர் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. அழவில்லை. அழுதால் அது எனக்காக அழுவதாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 29, சனி

பழைய பணிமனையைப் பெருக்கிச் சாவியைக் கொடுத்தோம். வெளியேறும்போது எக்கார்ட் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நவம்பர் 26, சனி

புதுக் கொட்டகையில் கணப்பு சரியில்லை. எல்லோரும் கோட்டோடு வேலை செய்கிறோம். நான் பெருக்குகிறேன், பித்தளைக் கைப்பிடிகளைத் துடைக்கிறேன், காபி போடுகிறேன். வேறு வேலை கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு லோதார் வந்தார். நாற்காலி இல்லை. சில்கேவின் தோளும் ஒரு கோலும். நான் துடைப்பத்தோடு 41க்குப் பின்னால் போய்விட்டேன்.

33இன் அடிச்சட்டத்தைக் குளிர்காலத்துக்கு முன் அளக்க வேண்டும் என்றாராம். எக்கார்ட் கருவியையும் தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினார். லோதார் கருவியை இடது கையில் வாங்கிக்கொண்டார். தாளை வாங்கவில்லை. கோலை நீட்டி, 41இன் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த என் காலணியைக் காட்டினார்.

வந்து நின்றேன்.

"எழுது."

"நான் இப்ப பட்டியல் எழுதறதில்லை, லோதார்."

"எழுது."

எக்கார்ட் பேனாவைக் கொடுத்தார். லோதார் சின்ன முக்காலியில் உட்கார்ந்து கருவியை இரும்பில் வைத்தார்.

"ஒன்பது," என்றார்.

எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன். பிறகு குனிந்து கருவியைப் பார்த்தேன். ஆறு.

அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைச் சோதிக்கிறாரா? இல்லை. சில்கே பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "எண்ணெல்லாம் இன்னும் வாயில மாறித்தான் வருது. கண்ணு சரியாத்தான் படிக்குது."

அவர் சொன்னதை எழுதாமல் ஆறு என்று எழுதி, தாளை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். கருவியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி கருவியை. பிறகு முக்காலியோடு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.

இருபத்திரண்டு இடம். ஒவ்வொரு தடவையும் வாய் ஒன்று சொன்னது, கருவி ஒன்று சொன்னது. ஒவ்வொன்றையும் எழுதிக் காட்டினேன். ஒன்றைக்கூட அவர் பார்க்காமல் விடவில்லை. இரண்டரை மணி நேரம் ஆனது. தாளின் தலையில் வண்டி எண்ணை எழுதும்போது மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது கொட்டகையின் நடுவில் நின்று, "அடுத்த சனி," என்றார். பிறகு ஏதோ ஒரு எண். அப்படி ஒரு எண்ணில் எங்களிடம் வண்டியே இல்லை.

"எந்த வண்டி?" என்று கேட்டேன்.

கோலைத் தூக்கி 41ஐக் காட்டினார். எழுதிக்கொண்டேன்.